விதிகளை மாற்றியவர்கள்: அரசியல் அறிவியல் படித்தோர் சாதித்தது என்ன?

(மேகமலைச் சாலை தொடங்கும் சின்னமனூரில், அரசியல் அறிவியல் பட்டதாரிகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியல் அறிவியல் படித்தவர்கள் என்ன சாதித்தார்கள் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்புக்குப் பின்னால் உங்கள் வீடுகளில் கேட்கப்படும் ஒரு கேள்வி இருக்கிறது. “இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” நர்ஸிங் படித்தால் ஆஸ்பத்திரி, பி.எட். முடித்தால் பள்ளிக்கூடம் என்று வழி கண்ணுக்குத் தெரிகிறது. பொலிடிகல் சயின்ஸ் படித்தால்? விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போய்க் கூலி வாங்கி, அந்தக் காசில் கல்லூரிக்குப் பணம் கட்டிய தாய்க்கு இதைக் கேட்க முழு உரிமை உண்டு. அந்தத் தாய்க்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய பெயர்களை அடுக்கிவிட்டுப் போவது சுலபம். குடியரசுத் தலைவர், முதலமைச்சர், நோபல் பரிசு என்று சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் வீட்டுக்குப் போனபிறகு அந்தப் பட்டியலால் உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது. அதனால் ஓர் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஒருவர் என்ன பதவி வகித்தார் என்பதை இரண்டாவதாக வைப்போம். அவரால் எந்த விதி மாறியது, எந்த விதி காப்பாற்றப்பட்டது, அதனால் யாருடைய வாழ்க்கைக்கு நன்மை வந்தது என்பதை முதலில் பார்ப்போம். முடிவெடுப்பவர் யார், எந்த விதிப்படி எடுக்கிறார், அந்த இடத்தில் யாருடைய குரல் கேட்கவில்லை என்ற மூன்று கேள்விகளை முறையாகக் கேட்கப் பழக்குவதுதான் நீங்கள் படித்த படிப்பு.

நம் வாழ்க்கையை எழுதிய காகிதங்கள்

இந்தப் பள்ளத்தாக்கைவிட இந்தப் படிப்புக்குப் பொருத்தமான ஊர் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று மூன்று காகிதங்களை வைத்துச் சொல்கிறேன்.

முதல் காகிதம் 1886 அக்டோபர் 29ஆம் தேதியிட்டது. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே கையெழுத்தான பெரியாறு குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர் நிலம், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். அந்த ஒப்பந்தத்தின்மேல்தான் பொறியாளர் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டினார்; 1895இல் தண்ணீர் கிழக்கே திரும்பியது. லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் விளைவது அந்தக் காகிதத்தின் பலத்தில். 1970இல் அது திருத்தப்பட்டது. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. நீர்மட்டத்தை 142 அடிவரை உயர்த்தலாம் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் ஒரு சட்டத் திருத்தம் போட்டு அதைத் தடுத்தது. 2014 மே 7ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லாது என்றது. நீதிமன்றம் தீர்த்துவைத்த ஒன்றைச் சட்டமன்றம் ஒரு சட்டத்தால் அழிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. நீங்கள் முதலாமாண்டில் படித்த அதிகாரப் பிரிவினை என்ற பாடம், நம் வயலுக்குத் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானித்தது.

இரண்டாவது காகிதம் 1956 நவம்பர் 1ஆம் தேதியின் மாநில எல்லை. தேவிகுளமும் பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் நடந்தது. பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் அதை ஏற்கவில்லை. கன்னியாகுமரி இந்தப் பக்கம் வந்தது. ஏலமலை அந்தப் பக்கமே இருந்துவிட்டது. இன்று காலையில் வேலைக்குப் போகும்போது மாநில எல்லையைத் தாண்டி, சாயங்காலம் திரும்பும்போது மறுபடியும் தாண்டுகிறோம். கூலி, நலவாரியம், விபத்து நிவாரணம் எல்லாவற்றிலும் இந்தக் கோடு குறுக்கே நிற்கிறது.

மூன்றாவது காகிதம் நேற்றையது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஐந்தாவது, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரப்பு. வைகை பிறக்கும் காட்டைக் காப்பது நம் எல்லோருக்கும் நன்மை. அதே காட்டில் பளியர் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். விவசாயிகளின் நிலமும் வீடும் இருக்கிறது. காடும் பிழைக்க வேண்டும், மனிதரும் பிழைக்க வேண்டும் என்றால் அதற்கான விதியைப் படித்து, எழுதி, வாதாடத் தெரிந்தவர்கள் வேண்டும்.

இந்த மண்ணுக்கு ஆட்சிக்கலை புதிதும் இல்லை. உத்தமபாளையத்தில் பிறந்த பி.டி. ராஜன் ஆக்ஸ்போர்டு போய் வரலாறும் சட்டமும் படித்து, 1936இல் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். இங்கிருந்து ஒருவர் அந்த உயரத்துக்குப் போக அன்று செல்வச் செழிப்புள்ள குடும்பம் தேவைப்பட்டது. இன்று உங்கள் கையில் பட்டம் இருக்கிறது. அதை வைத்து மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

நகராட்சி எழுத்தராக இருந்தவர்

தமிழ்நாட்டில் அரசியலைப் பாடமாகப் படித்தவர்களில் மிகப் பெரிய விளைவை ஏற்படுத்தியவர் அறிஞர் அண்ணா. காஞ்சிபுரத்தில் எளிய குடும்பம். வீட்டுக் கஷ்டத்துக்காக இடையில் படிப்பை நிறுத்திவிட்டு நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவர். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரமும் அரசியலும் படித்துப் பட்டம் பெற்றார். சில காலம் ஆசிரியர், பிறகு பத்திரிகையாளர், 1949இல் தி.மு.க.வின் பொதுச் செயலாளர், 1962இல் மாநிலங்களவை உறுப்பினர், 1967இல் முதலமைச்சர்.

அவர் மேடைப் பேச்சை எல்லோரும் புகழ்கிறோம். நம் அளவுகோலின்படி அவர் மாற்றிய விதிகளைப் பார்ப்போம். புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ நடந்த சுயமரியாதைத் திருமணங்கள் அதுவரை சட்டப்படி செல்லுபடியாகுமா என்ற சந்தேகத்தில் கிடந்தன. அப்படித் திருமணம் செய்த பெண்ணுக்கு மனைவி என்ற உரிமை உண்டா, பிள்ளைக்குச் சொத்துரிமை உண்டா என்று வழக்குகள் நடந்தன. அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற ஒரு பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இனி நடக்கப்போகும் திருமணங்களுக்கு மட்டும் இல்லாமல், ஏற்கெனவே நடந்த திருமணங்களுக்கும் அது செல்லும் என்று எழுதினார்கள். ஒரே ஒரு பிரிவால் பல குடும்பங்கள் சட்டத்தின் முன்னால் தலை நிமிர்ந்தன.

அடுத்தது மாநிலத்தின் பெயர். தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கேட்டு 1956இல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிரையே கொடுத்தார். உணர்வு அங்கே உச்சத்தில் இருந்தது. ஆனால் அரசியல் சாசனத்தின் 3ஆவது பிரிவுப்படி ஒரு மாநிலத்தின் பெயரை நாடாளுமன்றம்தான் சட்டம் போட்டு மாற்ற முடியும். 1967 ஜூலை 18ஆம் தேதி சட்டமன்றத்தில் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. 1968இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14ஆம் தேதி பொங்கல் நாளில் பெயர் நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரத்தில் அண்ணா மறைந்தார். உணர்வைச் சட்டமாக்கும் பாதையை அறிந்தவர் கையில் அது வந்துசேர்ந்தபோதுதான் காரியம் முடிந்தது.

இன்னொரு முடிவையும் சொல்ல வேண்டும். 1963இல் அரசியல் சாசனத்தின் 16ஆவது திருத்தம் வந்தபோது, இந்தியாவின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடுக்காமல் யாரும் தேர்தலில் நிற்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது. தம் கட்சியின் தனி நாடு என்ற கோரிக்கையை அண்ணா கைவிட்டார். மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் வேண்டும் என்பதைக் கட்சியின் முதன்மைக் கோரிக்கை ஆக்கினார். தொண்டர்களிடம் அதைச் சொல்லப் பெரிய மனோதிடம் வேண்டும். அவர் மறைந்த ஆண்டிலேயே ராஜமன்னார் குழு அமைந்தது. 1971இல் அதன் அறிக்கை வந்தது. மத்திய–மாநில உறவு பற்றி இன்றுவரை நடக்கும் விவாதத்துக்கு அந்த அறிக்கை ஓர் அடித்தளம். கோரிக்கையின் நியாயத்தை விடாமல், சாத்தியமான வடிவத்துக்கு அதைக் கொண்டுவருவது அரசியல் படித்தவர் செய்யும் வேலை.

கோப்பைத் திருப்பி அனுப்பியவர்

குமுளி வழியாக இறங்கிக் கோட்டயம் போகும் சாலை உங்களுக்குத் தெரியும். அந்தக் கோட்டயம் மாவட்டத்தில் உழவூர் என்ற சிற்றூரில், ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர் கே.ஆர். நாராயணன். பள்ளிக்கூடத்துக்குப் பல மைல் நடந்து போனவர். கட்டணம் கட்டாததால் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டவர். ஜே.ஆர்.டி. டாடா கொடுத்த உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரக் கல்லூரிக்குப் போய், ஹெரால்டு லாஸ்கி என்ற பேராசிரியரிடம் அரசியல் அறிவியல் படித்தார். வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் தூதராகப் போனார். 1997இல் குடியரசுத் தலைவர் ஆனார்.

நம் அளவுகோலுக்கு அந்தப் பதவி போதாது. பதவியில் உட்கார்ந்து அவர் என்ன செய்தார்? 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேச அரசைக் கலைத்து 356ஆவது பிரிவைப் பயன்படுத்த மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடுவது வழக்கம். நாராயணன் போடவில்லை. 74ஆவது பிரிவு ஒருமுறை மறுபரிசீலனைக்கு அனுப்பும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. அந்த வரியைப் பயன்படுத்திக் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை பரிந்துரையைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு வேறொரு கட்சி ஆட்சி பீகார் அரசைக் கலைக்கச் சொன்னபோதும் அப்படியே திருப்பி அனுப்பினார். கட்சி மாறியது, அவர் கேட்ட கேள்வி மாறவில்லை.

இதன் அருமை தமிழ்நாட்டுக்குப் புரியும். 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் இங்கே பதவியில் இருந்த அரசுகள் இதே 356ஆவது பிரிவால் கலைக்கப்பட்டன. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசை ஒரு கையெழுத்து அகற்றிவிடும் என்றால், அந்தக் கையெழுத்துப் போடும் கை யோசிக்க வேண்டும். எழுதி வைத்த விதியை உரிய நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துவதும் ஒரு சாதனை. விதியை அறியாதவரால் அதைச் செய்யவே முடியாது.

கறுப்பினத்தைச் சேர்ந்த அமெரிக்கர் ரால்ப் பன்ச்சையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே கலிஃபோர்னியாவில் அரசியல் அறிவியல் படித்தவர். 1934இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1949இல் இஸ்ரேலுக்கும் அதன் அண்டை அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தங்களை ஐ.நா. சார்பில் பேசி முடித்தார். 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். எஸ்டேட் லயன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் படிப்பு எட்டாது என்று யாராவது சொன்னால் இவர்கள் இருவரையும் சொல்லுங்கள்.

தண்ணீரைப் படித்த பெண்

இனி நான் சொல்லப்போகிறவரை இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும். எலினார் ஆஸ்ட்ரம். லாஸ் ஏஞ்சல்ஸில் வசதியில்லாத குடும்பத்தில் 1933இல் பிறந்தவர். பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கேட்டபோது, கணிதம் போதவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அரசியல் அறிவியலில் சேர்ந்து 1965இல் முனைவர் ஆனார். எந்தப் பொருளாதாரத் துறை அவருக்கு இடம் தரவில்லையோ, அந்தப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு 2009இல் அவருக்கு வந்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்.

அவர் ஆராய்ந்தது தண்ணீர். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் நிலத்தடி நீரை ஆளாளுக்கு உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே ஏறியது. அங்கே நீரைப் பயன்படுத்தியவர்கள் ஒன்றுகூடி, யார் எவ்வளவு எடுக்கலாம் என்று விதி செய்துகொண்ட கதைதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. பொதுச் சொத்தை மக்களிடம் விட்டால் பேராசையால் அழித்துவிடுவார்கள். அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்கு விற்றுவிட வேண்டும் என்று அறிஞர்கள் பலர் நம்பிய காலம் அது. ஆஸ்ட்ரம் பல நாட்டு ஊர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். ஸ்பெயின் வாய்க்கால்கள், பிலிப்பைன்ஸ் பாசனச் சங்கங்கள், ஜப்பான், சுவிட்சர்லாந்து மலைக்கிராமங்களின் பொதுக்காடு. நேபாளத்தில் அரசு கட்டிய நவீன வாய்க்கால்களைவிட, விவசாயிகளே கட்டி நிர்வகித்த பழைய வாய்க்கால்களில் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போனதை அவரும் அவரோடு ஆராய்ந்தவர்களும் கண்டார்கள்.

நீண்டகாலம் நிலைத்த ஊர்களில் சில பொது அம்சங்கள் இருப்பதை 1990இல் வெளியிட்ட நூலில் அவர் எழுதினார். பங்குதாரர் யார் என்று தெளிவாக இருக்கிறது. விதி அந்த மண்ணுக்கு ஏற்றபடி இருக்கிறது. விதியால் பாதிக்கப்படுகிறவர்களே அதைத் திருத்தும் இடத்தில் இருக்கிறார்கள். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். முதல் தப்புக்குச் சிறு தண்டனை, மறுபடி செய்தால் கூடுதல் தண்டனை. சண்டை வந்தால் பக்கத்திலேயே, செலவில்லாமல் தீர்த்துக்கொள்ள ஓர் இடம். மேலே இருக்கும் அரசாங்கம் இந்த ஏற்பாட்டை மதிக்கிறது.

இதைக் கேட்கும்போது உங்களில் பெரியவர்களுக்கு நம் கண்மாயும் மடையும் கலுங்கும் நினைவுக்கு வரும். முறை வைத்து நீர் பாய்ச்சியதும், ஊர் கூடிக் குடிமராமத்து செய்ததும் இதுதான். நம் பாட்டன்கள் நடைமுறையில் வைத்திருந்ததை ஆஸ்ட்ரம் உலகத்துக்கு ஆதாரத்தோடு நிரூபித்தார். ஆனால் ஒரு வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். பழைய முறையில் நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்கும் பேச்சுரிமை இருந்ததா? பெரும்பாலும் இல்லை. யாருடைய குரல் கேட்கவில்லை என்ற நம் மூன்றாவது கேள்வியைப் பாட்டன்களின் ஏற்பாட்டிடமும் கேட்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன நிர்வாகச் சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களைச் சட்டம் அங்கீகரித்தது. நம் வாய்க்கால் ஒவ்வொன்றிலும் அந்தச் சங்கம் உயிரோடு இருக்கிறதா, தேர்தல் நடக்கிறதா, கணக்குப் படிக்கப்படுகிறதா? இதை ஆராய்ந்து எழுத லண்டன் போக வேண்டியதில்லை. சைக்கிள் போதும்.

ஹெர்பர்ட் சைமன் என்ற அறிஞரையும் இதோடு சேர்த்துச் சொல்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1943இல் அரசியல் அறிவியல் முனைவர் ஆனவர். மாணவராக அவர் செய்த முதல் ஆய்வுகளில் ஒன்று, மில்வாக்கி நகராட்சி தன் விளையாட்டு மைதானங்களுக்கு எப்படிப் பணம் ஒதுக்குகிறது என்பது. எல்லாத் தகவலும் கையில் இல்லாதபோது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று அங்கே எழுந்த கேள்வியை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தார். 1975இல் கணினித் துறையின் உயர்ந்த பரிசான டூரிங் விருது, 1978இல் பொருளாதார நோபல். இன்று எல்லோரும் பேசும் செயற்கை நுண்ணறிவுக்கு வித்திட்டவர்களில் அவரும் ஒருவர். ஒரு நகராட்சியின் வரவுசெலவை உன்னிப்பாகப் படித்ததிலிருந்து அது தொடங்கியது. சின்னமனூர் நகராட்சிக்கும் வரவுசெலவு உண்டு.

தோல்வியிலும் ஒரு பணி

சாதனை என்றால் வெற்றி மட்டும் என்று நினைக்கக் கூடாது. இலங்கைத் தமிழரான ஆ. ஜெயரத்தினம் வில்சன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் பேராசிரியர். தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மருமகன். 1972இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1978 முதல் 1983 வரை ஜனாதிபதி ஜெயவர்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் நடுவே பாலமாக இருந்து பேசினார். அதிகாரத்தைக் கொஞ்சமாவது கீழே இறக்கினால் போர் வராமல் தடுக்கலாம் என்று நம்பினார். மாவட்ட அபிவிருத்திச் சபைகள் என்ற ஏற்பாடு வந்தது. 1981இல் அதற்கான தேர்தல் நேரத்திலேயே யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் எல்லாம் தகர்ந்தது.

வில்சன் அதன்பிறகு அமர்ந்து எழுதினார். 1988இல் இலங்கை உடைந்த கதையையும், 1994இல் செல்வநாயகத்தின் வாழ்க்கையையும், 2000ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழ்த் தேசியத்தின் வரலாற்றையும் நூல்களாகத் தந்தார். எந்த வாக்குறுதி எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டு எப்படி மீறப்பட்டது என்பது இன்று நமக்குத் தெரிகிறது என்றால், அவரைப் போன்றவர்கள் உள்ளிருந்து பார்த்ததை எழுதி வைத்ததால்தான். சமாதானம் கைகூடாதபோதும் உண்மையைப் பதிவு செய்வது அரசியல் அறிஞரின் கடமை. நாளைக்கு யாராவது மறுபடி பேச உட்காரும்போது அந்த நூல்கள் மேசையில் இருக்கும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டிய பதில்

இப்போது வேலைக்கு வருகிறேன். இந்தப் பாடத்துக்கு நம் மாநிலத்தில் நீண்ட மரபு உண்டு. இந்தியாவிலேயே பொது நிர்வாகத்துக்கான முதல் பட்டயப் படிப்பை 1937இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று மத்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் அரசியல் அறிவியலும் பன்னாட்டு உறவும் ஒரு விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். அரசியல் சாசனம், ஆட்சிமுறை, பன்னாட்டு உறவு ஆகியவற்றுக்கென்றே பொது அறிவுத் தாள்களில் ஒன்று தனியாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்ற டினா டாபி அரசியல் அறிவியல் பட்டதாரி. வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெய்சங்கர் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. முதலில் வேதியியல் படித்தார். பிறகு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலுக்கு மாறினார். 1977இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். வெளியுறவுச் செயலராக இருந்து, 2019இல் அதே துறைக்கு அமைச்சர் ஆனார்.

பெற்றோர்களே, பட்டம் மட்டும் இந்தத் தேர்வுகளை வென்று தராது. பல ஆண்டு உழைப்பு வேண்டும், வாய்ப்பும் கூடி வர வேண்டும். எல்லோருக்கும் கலெக்டர் வேலை கிடைக்காது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டப் படிப்பு, பத்திரிகை, ஆசிரியர் பணி, டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகள், தொண்டு நிறுவனங்கள், கொள்கை ஆய்வு, தொழிற்சங்கம், மக்கள் பிரதிநிதிகளின் அலுவலகங்கள் என்று இந்தப் பட்டத்துக்குத் திறக்கும் கதவுகள் பல. பக்கத்து மாவட்டத்தில் காந்திகிராமம் இருக்கிறது. அங்கே அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்த க. பழனித்துரை, தம் படிப்பைப் பஞ்சாயத்துகளிடம் கொண்டு போனார். ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், கிராம சபை பற்றித் தமிழில் எளிமையாக எழுதினார், எழுதிக்கொண்டும் இருக்கிறார். 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தை ஒரு தலைவர், அதிலும் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண் தலைவர், தைரியமாகக் கையில் எடுக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆசிரியர்களின் உழைப்பு இருக்கிறது.

“காமராஜர் என்ன படித்தார்?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் பள்ளிப் படிப்பைச் சிறுவயதிலேயே விட்டவர். ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்து, ஊர் ஊராக நடந்து மக்களைப் படித்தவர். அந்தப் படிப்பைக் கல்லூரி தர முடியாது. அதனால் பட்டதாரிகளுக்குச் சொல்கிறேன்: பட்டம் கையில் இருப்பதால் ஊரைவிட நமக்குத் தெரியும் என்று எண்ணாதீர்கள். ஊருக்கு அனுபவம் இருக்கிறது, உங்களுக்கு விதி தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் மனு வெற்றி பெறும்.

இங்கே காத்திருக்கும் வேலை

கடைசியாக, மேகமலையில் உங்களுக்காகக் காத்திருக்கும் வேலைகள் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, காடு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, பழங்குடியினர் 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்து அந்த இடத்தில் வாழ்ந்து பயிர் செய்திருந்தால் நில உரிமை கேட்கலாம். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வி பிரிவு, புலிகள் காப்பகத்தின் வெளிவட்டத்தைக் கிராம சபையோடு கலந்துதான் வரையறுக்க வேண்டும் என்கிறது. உள்வட்டத்திலிருந்து யாரையும் அவர்கள் சம்மதம் இல்லாமல் இடம் மாற்றக் கூடாது என்கிறது. ஒரு பளியர் குடும்பத்துக்கும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கும் வேறு வேறு விதி, வேறு வேறு சான்று. எந்தப் படிவம், எந்த ஆவணம், யார் சாட்சி, மறுத்தால் யாரிடம் முறையீடு? இதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல ஊருக்கு ஒரு பட்டதாரி இருந்தால் எத்தனையோ குடும்பங்கள் அலைச்சலிலிருந்து தப்பும். காட்டுக்கும் நல்லது, உரிமை உறுதியான மனிதர்தான் காட்டைக் காக்க முன்வருவார்.

இரண்டு, மலைமேல் ஊர்களின் ஆட்சிமுறை. மேகமலையின் மேலிருக்கும் ஹைவேவிஸ் ஒரு பேரூராட்சி. கிராம சபை என்பது கிராம ஊராட்சிக்கு உரியது. 2005இல் சட்டமாக வந்த நூறு நாள் வேலையும் ஊரகப் பகுதிக்கென்றே எழுதப்பட்டது. தேயிலைத் தோட்டத்து மக்கள் வாழும் மலையூர் எந்த வகையில் சேர்க்கப்படுகிறது என்பதை வைத்து, அங்குள்ள பெண்ணுக்கு எந்தத் திட்டம் கிடைக்கும், எந்தக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம் என்பது தீர்மானமாகிறது. இதனால் மலைமக்களுக்கு வந்தது என்ன, போனது என்ன? வரியில், வேலையில், குடிநீரில், சாலையில் கணக்குப் போட்டு ஓர் அறிக்கை எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து உங்கள் கையில் இருக்கிறது. அறிக்கை நேர்மையாக இருந்தால் அதை மறுக்க அதிகாரிக்கும் முடியாது, கட்சிக்கும் முடியாது.

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சிகளில் குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கீழே சமவெளியில் வசிக்கும் பட்டதாரிகள் ஒவ்வொருவரும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். போகும் முன் ஊராட்சியின் வரவுசெலவை வாங்கிப் படியுங்கள். ஒரே ஒரு கேள்வியைத் தயார் செய்யுங்கள். கேட்டதும் கிடைத்த பதிலும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை நில்லுங்கள். நீங்கள் பேசுவதற்கு முன்னால், வாய் திறக்கத் தயங்கும் ஒருவருக்குப் பேச இடம் வாங்கிக் கொடுங்கள்.

தாய்மார்களே, பிள்ளை இதைப் படித்து என்ன ஆகும் என்று கேட்டீர்கள். வேலை தேடத்தான் வேண்டும், தேடினால் கிடைக்கும். அதோடு, உங்கள் வயலுக்கு வரும் தண்ணீரையும், உங்கள் கூலியையும், உங்கள் காட்டையும் பற்றி எங்கோ எழுதப்படும் அடுத்த காகிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, தவறென்றால் தவறென்று ஆதாரத்தோடு எழுதி, திருத்த வைக்கத் தெரிந்த ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கும். 1886இல் அப்படி ஒருவரும் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அந்த மேசைக்கு அழைக்கப்படவில்லை. இனி நடக்கும் எந்தப் பேச்சுவார்த்தையிலும் நம் பிள்ளைகள் இல்லாமல் நம்மைப் பற்றி முடிவு எடுக்கப்படக் கூடாது. அதற்குத் தகுதியாகுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.